பாடியிலிருந்து ஆவடி வரை பஸ்ஸுக்கு ஒரு தடம்

(அம்பத்தூரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்.)



என்ன தலைப்பில் பேசப்போகிறீர்கள் என்று ஏற்பாட்டாளர் தோழர் போனில் கேட்டார். "பஸ் லேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தயங்கியபடி, "தோழர், நம்ம கூட்டம் சாதியொழிப்பு சம்பந்தமானது..." என்று இழுத்தார். அதனால்தான் தோழர் இந்தத் தலைப்பு என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அவர் இப்போதும் முன்வரிசையில் சந்தேகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார். அவரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது.

நீங்கள் எல்லோரும் இங்கே வருவதற்கு எங்கேயாவது ஓரிடத்தில் சி.டி.எச். ரோட்டைத் தொட்டிருப்பீர்கள். சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலை. பாடி, எஸ்டேட், டன்லப், ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர். இந்தப் பெயர்களைச் சொல்லும்போதே சிலருக்கு ஹாரன் சத்தம் காதில் கேட்கும்.

என் அம்மா எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பதினைந்து வருடம் வேலை செய்தார். வீடு திருமுல்லைவாயலில். தூரம் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. எட்டரை மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போய்விடும். அதனால் அம்மா ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார். பஸ் ஓடுகிற நேரம் அரை மணியோ முக்கால் மணியோதான். மீதி நேரம் பயத்துக்காக எடுத்து வைத்தது. பஸ் வராமல் போகலாம், வந்தாலும் நிற்காமல் போகலாம், நின்றாலும் சிக்னலில் மாட்டலாம். அந்த மீதி நேரத்துக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. பதினைந்து வருடத்துக்கு அதைக் கூட்டிப் பாருங்கள். எங்களோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருக்கக்கூடிய நேரம் அது.

அதே கம்பெனியில் மேனேஜர் தாமதமாக வந்தால் "டிராஃபிக்" என்பார். அம்மா அதே வார்த்தையைச் சொன்னால் அது சாக்கு. ஒரே ரோடு, ஒரே நெரிசல்தான். ஆனால் அந்த நெரிசலுக்கான விலை யாருடைய சம்பளத்தில் கழிக்கப்படுகிறது என்பதுதான் வேறு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் தாமதமாவதுதான் தீண்டாமை என்று சொல்ல நான் வரவில்லை. தீண்டாமை என்ற சொல்லை அவ்வளவு மலிவாகப் பயன்படுத்துவது சரியில்லை. நான் சொல்ல வருவது வேறு. பொதுச் சாலை என்பது பொதுச் சொத்து. அதைப் பங்கு பிரிக்கும்போது யாருக்கு நடுவில் இடம், யார் ஓரமாக ஒதுங்க வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். "ஒதுங்கு" என்ற சொல் நமக்குப் புதிதில்லை. நம் தாத்தாக்கள் தெருவில் நடக்கும்போது கேட்ட சொல் அது.

பஸ் ஸ்டாப்பைப் பாருங்கள். சாலையின் ஓரத்தை உள்ளே குடைந்து பஸ்ஸுக்கென்று ஒரு பள்ளம் மாதிரி அமைத்திருப்பார்கள். பஸ் பே என்பார்கள். பஸ் அதற்குள் ஒதுங்கி நின்று ஆட்களை ஏற்ற வேண்டும். எதற்காக? பின்னால் வரும் கார் நிற்காமல் போவதற்காக. சரி, ஏற்றியாயிற்று. திரும்பவும் சாலைக்குள் வர வேண்டும். யார் வழி விடுவார்கள்? டிரைவர் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அறுபது பேர் உள்ளே இருக்கும் வண்டி, ஒருவர் இருக்கும் வண்டிகள் போய் முடிவதற்காகக் காத்திருக்கிறது. இதில் வெறுத்துப்போன டிரைவர்கள் பேக்குள் போவதையே விட்டுவிட்டு நடுரோட்டில் நிறுத்துகிறார்கள். அந்தக் காலி இடத்தில் ஷேர் ஆட்டோவும் பைக்குகளும் நிற்கின்றன. கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணும் வயதான அம்மாவும் அவற்றுக்கு இடையில் புகுந்து ஓடுகிறார்கள். நாம் டிரைவரைத் திட்டுகிறோம். ஸ்டாப்பை அப்படி வரைந்தவரை யாரும் திட்டுவதில்லை.

இதைத் தலைகீழாகவும் வரையலாம். நடைபாதையை ஒரு லேன் அளவுக்கு வெளியே நீட்டி, பஸ் தன் தடத்திலேயே நேராக வந்து அதை ஒட்டி நிற்கும்படி செய்யலாம். மேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரத்தில் இருந்தால் சக்கர நாற்காலியும் ஏறும். 2024 ஆகஸ்டில் சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராடியதால் வந்தவை அவை. ஆனால் ஸ்டாப்பிலிருந்து இரண்டடி தள்ளி நடுரோட்டில் நிற்கும் தாழ்தள பஸ்ஸால் அவர்களுக்கு என்ன பயன்?

இப்போது பஸ் லேன். சாலையில் ஒரு தடத்தைப் பஸ்ஸுக்கென்று ஒதுக்குவது, அவ்வளவுதான். அதில் ஒரு நிமிடத்துக்கு ஒரு பஸ் போனால், பஸ்ஸுக்கு அறுபது பேர் என்றாலும் மணிக்கு 3,600 பேர். அமெரிக்க நகரங்களின் போக்குவரத்து அதிகாரிகள் கூட்டமைப்பான நாக்டோவின் வழிகாட்டி நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. கார்கள் போகும் ஒரு தடம் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கடத்தும். அதே அகலத்தைப் பஸ்ஸுக்குத் தனியாகக் கொடுத்தால் 4,000 முதல் 8,000 பேர். கார் கம்பெனிகளின் நாட்டில் போட்ட கணக்கு இது.

இன்னொரு கணக்கு நாமே போடலாம். ஒரு பஸ் ஆவடியிலிருந்து கிளம்பி நகருக்குள் போய்த் திரும்ப 3 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் மணிக்கு ஒரு பஸ் விட 12 பஸ் வேண்டும். நெரிசலைத் தவிர்த்து அதே பயணத்தை இரண்டரை மணி நேரமாகக் குறைத்தால் 10 பஸ் போதும். புது பஸ் வாங்காமல், புது டிரைவர் எடுக்காமல் இரண்டு பஸ் மிச்சம். அந்த இரண்டை பூந்தமல்லி பக்கம் திருப்பி விடலாம். பஸ் இல்லை, பணம் இல்லை என்று சொல்லும் அதிகாரிகளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. இருக்கிற பஸ்ஸை ஏன் சிக்னலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?

சரி, இதில் சாதி எங்கே வந்தது என்று முன்வரிசைத் தோழர் கேட்பது தெரிகிறது. வருகிறேன்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுவோம். அதன் இரண்டாவது உட்பிரிவை நிதானமாகப் படித்தவர்கள் குறைவு. கடை, உணவகம் இவற்றைச் சொல்லிவிட்டு கிணறு, குளம், படித்துறை என்று வரிசையாகப் போகிறது. அந்த வரிசையில் சாலையும் இருக்கிறது. சாதியின் பெயரால் யாரையும் சாலையில் தடுக்கக் கூடாது என்று எழுத வேண்டிய நாடாக இது இருந்தது. 1924இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டத்தின் கோரிக்கை கோயில் நுழைவுகூட இல்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமை. பெரியார் சிறைக்குப் போனது தெருவுக்காக.

பாபாசாகேப் தன் வாழ்வின் அவமானங்களைப் பற்றி எழுதிய சிறு நூலான 'விசாவுக்காகக் காத்திருத்தல்' உங்களில் பலர் படித்ததுதான். அதை ஒரு போக்குவரத்து நூலாகப் படித்துப் பாருங்கள். சிறுவனாக மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மாட்டு வண்டிக்காரர் யாரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூட நடந்து வருகிறார். 1929இல் அவர் அரசுக் குழு ஒன்றின் உறுப்பினர், பாரிஸ்டர். சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரர் அவருக்கு ஓட்ட மறுக்கிறார். வண்டி ஓட்டிப் பழகாத நம் ஆள் ஒருவர் ஓட்ட, வண்டி கவிழ்ந்து அவருக்கு அடிபடுகிறது. இரண்டு சம்பவத்திலும் ரயில் அவரை ஊர் வரை கொண்டுவந்து விட்டுவிட்டது. சிக்கல் ஸ்டேஷனுக்கு வெளியேதான். இன்று போக்குவரத்துத் துறையில் "கடைசி மைல்" என்று ஒரு சொல் புழங்குகிறது. அந்தக் கடைசி மைலில் சாதி உட்கார்ந்திருந்ததை நூறு வருடத்துக்கு முன்பே அவர் அனுபவித்துவிட்டார்.

தமிழ்நாட்டிலும் அப்படித்தான். மோட்டார் பஸ் வந்த காலத்தில் தனியார் பஸ் முதலாளிகள் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்தார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். தி.நகர் பாண்டி பஜாருக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், சௌந்தரபாண்டியனார் அங்காடி. 2019இல் அந்தத் தெருவில்தான் சென்னையின் மிக அழகான, அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. பஸ்ஸில் எல்லோரையும் ஏற்று என்று உத்தரவு போட்டவரின் தெருவில் இன்று பெஞ்சு போட்டு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து இருட்டில் சாக்கடை மூடிமேல் நடந்து வரும் பெண்களுக்கும் அந்த நடைபாதையில் பாதியாவது கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை 2014இலேயே நிறைவேற்றிய மாநகராட்சி இது. 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை என்று அதில் எழுதியிருந்தது.

அடுத்தது, இங்கே வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும் கதை. பஸ்களில் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் என்றெல்லாம் பெயர் இருந்தது. 1994இல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தை இரண்டாகப் பிரித்து, சென்னையின் வடக்குப் பகுதிக்கு டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் அம்பேத்கர் பெயரோடு பஸ் ஓடியது. 1997இல் விருதுநகரில் புதிதாகத் தொடங்கிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மனோடு நின்று வெள்ளையரை எதிர்த்துப் போரிட்ட தளபதி. தலித் என்பதால் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்களில் கலவரம், கொலைகள். அரசு என்ன செய்தது? கலவரம் செய்தவர்களைத் திருத்தவில்லை. எல்லாக் கழகங்களின் பெயர்களையும், மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயர்களையும் மொத்தமாக நீக்கிவிட்டது. அதோடு சென்னை பஸ்ஸிலிருந்தும் அம்பேத்கர் இறங்கினார். இன்று நாம் பார்க்கும் மாநகர் போக்குவரத்துக் கழகம் என்ற சாதுவான பெயருக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. பஸ் வெறும் தகரம், அதில் என்ன சாதி என்று இனி யாராவது கேட்டால் 1997ஐச் சொல்லுங்கள்.

அம்பேத்கர் பெயரைச் சொன்னதும் டெல்லி ஞாபகம் வருகிறது. 2008 ஏப்ரலில் டெல்லியில் முதல் பஸ் தனித் தடம் திறக்கப்பட்டது. 5.8 கிலோமீட்டர், அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை. அம்பேத்கர் நகர் என்பது உழைக்கும் மக்களை மறுகுடியமர்த்திய தெற்கு டெல்லிப் பகுதி. அங்கிருந்து கிளம்பும் பஸ் பணக்காரக் குடியிருப்புகள் வழியாகப் போகும். அந்தத் தடத்தில் குறைகள் இருந்தன. சிக்னல் நேரம் சரியில்லை, நடுவிலுள்ள ஸ்டாப்புக்குச் சாலையைக் கடப்பது ஆபத்தாக இருந்தது. அவற்றைச் சரிசெய்திருக்கலாம். ஆனால் எழுந்த கூச்சல் அந்தக் குறைகளைப் பற்றியது இல்லை. பக்கத்தில் காலியாகத் தெரியும் தடத்தில் பஸ் வேகமாகப் போகிறது, நான் காரில் நிற்கிறேன் என்பதுதான். பிரச்சினை உயர் நீதிமன்றம் போனது. காரில் போகிறவர்கள் செல்வத்தை உருவாக்குபவர்கள், அவர்கள் நேரத்துக்கு மதிப்பு அதிகம் என்ற வாதம் அங்கே வந்தது. 2012 அக்டோபரில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. பஸ் பயணிகள் ஜெயித்தார்கள். ஆனால் 2016இல், துடைப்பத்தைச் சின்னமாக வைத்திருக்கும் ஒரு கட்சியின் ஆட்சி, அந்தத் தடத்தை இடித்துத் தள்ளியது.

டெல்லியில் பஸ் பயணிகள் தோற்றது சட்டத்திலோ பொறியியலிலோ இல்லை. அவர்களுக்காகத் தெருவில் இறங்க ஓர் அமைப்பு இல்லை. கார் வைத்திருந்தவர்களுக்குத் தொலைக்காட்சி இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது நேர்மாறு. அங்கே புறநகர் ரயிலுக்குப் பணத்தைக் கொட்டிக்கொண்டு, கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் ஏறும் பஸ்ஸில் கட்டணத்தை உயர்த்தினார்கள். பஸ் பயணிகள் சங்கம் அமைத்து, இது இனப் பாகுபாடு என்று 1994இல் வழக்குப் போட்டார்கள். 1996இல் நிர்வாகம் இறங்கி வந்து, பஸ் கூட்டத்தைக் குறைப்பதாகவும் கட்டணத்தைக் கட்டுப்படுத்துவதாகவும் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. பஸ்ஸுக்குள் நின்றுகொண்டே நோட்டீஸ் கொடுத்து உறுப்பினர் சேர்த்த சங்கம் அது.

இந்த ரயிலும் பஸ்ஸும் கதை நமக்கும் வரப்போகிறது. கோயம்பேட்டிலிருந்து பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை மெட்ரோ கொண்டுவர 2025 பிப்ரவரியில் திட்ட அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். 21.76 கிலோமீட்டர், 9,744 கோடி ரூபாய். கிலோமீட்டருக்குச் சுமார் 450 கோடி. மெட்ரோ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நம் மக்களுக்கும் ஏசி ரயில் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மெட்ரோ டிக்கெட் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. "ஓசி" என்று ஓர் அமைச்சரே மேடையில் சொல்லி, பிறகு விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது, அது வேறு கதை. மெட்ரோ வந்ததும், அதே ரூட்டில் பஸ் எதற்கு என்று மெதுவாகக் குறைக்கத் தொடங்கினால், அம்மாவுக்கு மிச்சமான அந்த 888 ரூபாய் மேலே தூணில் ஓடும் ரயிலுக்குப் போய்விடும். மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டுகிற வருடங்களில் பஸ்ஸின் நிலை என்ன ஆகும் என்பதைப் போரூர், பூந்தமல்லி பக்கத்துத் தோழர்களிடம் கேளுங்கள்.

பூந்தமல்லி பற்றி ஒரு வார்த்தை. கலங்கரை விளக்கத்திலிருந்து 26 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மெட்ரோ தடம் முடிகிற இடம் அது. நல்லது. பூந்தமல்லியில் இறங்குகிறவர் கரையான்சாவடி, காடுவெட்டி, பருத்திப்பட்டு வழியாக ஆவடிக்குப் போக என்ன வழி? அப்பால் கூடப்பாக்கத்தில், கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. வேலை நகரத்தில், வீடு நகரத்துக்கு வெளியே. அங்கே ஒரு நடை பஸ் தவறினால் ஒரு நாள் வேலை தவறும். அவர்களை நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளினோம் என்பதைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது, பஸ் வரும் இடைவெளியில் அளக்க வேண்டும்.

ஏன் எதுவும் நடப்பதில்லை? யாருடைய சாலை என்று கேட்டுப் பாருங்கள். ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. தெருவிளக்கும் வடிகாலும் அம்பத்தூரில் சென்னை மாநகராட்சி, அதைத் தாண்டினால் ஆவடி மாநகராட்சி. பஸ் போக்குவரத்துக் கழகம். ரயில் தெற்கு ரயில்வே. சிக்னல் போலீஸ். அதிலும் 2022இலிருந்து அம்பத்தூர்க்காரர் வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு, போலீஸ் புகார் கொடுப்பது ஆவடி ஆணையரகத்துக்கு. எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம். சட்டம் 2010இல் வந்தது, முதல்வர் தலைமையில் முதல் கூட்டம் நடக்க 2022 நவம்பர் ஆனது. 2025இல் அவர்கள் 'சென்னை ஒன்' செயலி கொண்டுவந்தார்கள். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். நல்ல செயலி, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி எஸ்டேட்டுக்கு நடக்கிற வழியில் தேங்கி நிற்கும் தண்ணீரைச் செயலியால் தாண்ட முடியாது. 1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் போன தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இந்த வழியாகத்தான் போகிறது. தண்டவாளமும் சி.டி.எச். ரோடும் கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ரயிலையும் பஸ்ஸையும் இணைக்க இதைவிட வசதியான அமைப்பு கிடைக்காது.

நம் பகுதியை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும். ஆவடியில் போர் டாங்கி செய்கிறோம். பெரம்பூரில் ரயில் பெட்டி செய்தார்கள், செய்கிறார்கள். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நாடு முழுக்க ஹெர்குலிஸ் சைக்கிள் அனுப்பியது. அந்தச் சைக்கிளை ஓட்ட அம்பத்தூரில் ஒரு பாதை கிடையாது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அந்தச் சமுதாயம் இன்னும் ஆவடி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறது.

இப்போது கஷ்டமான பகுதி. இங்கே இருக்கும் இளைஞர்களில் பாதிப் பேர் பைக்கில் வந்திருப்பீர்கள். பைக்கை விடுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லும் சூழலியல் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டையும் உண்டு. நம் கிராமங்களில் ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்ன வரலாறு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று அவர் குடும்பம் சொன்னது. அப்படிப்பட்ட நாட்டில் நம் பையன் ஒருவன் இ.எம்.ஐ. போட்டு பைக் வாங்கினால் அதில் பெட்ரோல் வாசனை மட்டும் இல்லை. நான் பைக்கை விடச் சொல்லவில்லை. வேலைக்குப் போக வேறு வழியே இல்லாததால் சம்பளத்தில் ஒரு பங்கை இ.எம்.ஐ.யாகக் கட்டும் நிலை வேண்டாம் என்கிறேன். வீட்டில் பைக் ஒன்றுதான் இருக்கும், அது பெரும்பாலும் ஆணிடம் இருக்கும். பஸ் அம்மாவிடமும் தங்கையிடமும் இருக்கும்.

அதேபோல் தெருவோரக் கடைகள். பாடி முதல் திருநின்றவூர் வரை சாலையை அகலப்படுத்தும் பேச்சு பல வருடமாக ஓடுகிறது. அகலப்படுத்துவது என்றதும் முதலில் இடிபடுவது புறம்போக்கில் இருப்பவர்களின் வீடும் தள்ளுவண்டியும்தான். அப்படிப் பிடுங்கிய இடத்தில் காருக்கு இன்னொரு தடம் போட்டால் நான்கு வருடத்தில் அதுவும் நிரம்பிவிடும். அகலப்படுத்தும் வரைபடத்திலேயே பஸ் தடமும் நடைபாதையும் கடைகளுக்கான இடமும் இருக்க வேண்டும். டெண்டர் விட்டபிறகு போய்க் கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அகலப்படுத்தும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. முழு நீளத்துக்கும் இன்றே பஸ் லேன் கேட்டால் இடமில்லை என்பார்கள், சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் பஸ் அதிக நேரம் இழப்பது சிக்னலுக்கு முந்தைய நூறு, இருநூறு மீட்டரில். அங்கே மட்டும் இடப்பக்கத் தடத்தைக் காலையும் மாலையும் பஸ்ஸுக்கு விட்டு, சிக்னலில் பஸ் முன்னால் போய் நிற்கும்படி செய்யலாம். பஸ் ஸ்டாப்பைச் சிக்னலுக்கு முன்னால் வைக்காமல் தாண்டி வைக்கலாம். ஷேர் ஆட்டோவை விரட்டக் கூடாது, அதுவும் நம் மக்கள் ஏறும் வண்டி, ஓட்டுபவரும் நம் ஆள். ஸ்டாப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி அவர்களுக்கென்று இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் பெயிண்டும் கொஞ்சம் சிமெண்டும் போதும். 450 கோடி வேண்டாம்.

ஒன்றை மறந்துவிட்டேன், பஸ் யாருடைய வேலை என்பதும் முக்கியம். போக்குவரத்துக் கழகத்தில் டிரைவர், கண்டக்டர் வேலைக்கு இடஒதுக்கீடு உண்டு. நம் குடும்பங்களில் முதல் அரசுச் சம்பளம் பல வீடுகளில் காக்கிச் சட்டையோடுதான் வந்தது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. பஸ் ஒப்பந்த நிறுவனத்துடையது, டிரைவரும் அவர்கள் ஆள். அங்கே 69 சதவீதம் செல்லாது. புகை இல்லாத பஸ் வருகிறது என்று கைதட்டும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு முதல் ஒன்பதரை வரை பாடி, எஸ்டேட், ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி ஆகிய ஐந்து இடங்களில் நின்று எண்ணப் போகிறோம். எத்தனை கார், அதில் எத்தனை பேர், எத்தனை பஸ், அதில் ஏறக்குறைய எத்தனை பேர், சிக்னலில் ஒவ்வொரு பஸ்ஸும் எத்தனை நிமிடம் நின்றது. அந்தக் கணக்கோடு கும்டாவுக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் மனு கொடுப்போம். இடத்துக்கு நான்கு பேர், மொத்தம் இருபது பேர் வேண்டும். நோட்டும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன். பெயர் கொடுப்பவர்கள் வெளியே டீ குடிக்கும்போது என்னிடம் கொடுங்கள். முன்வரிசைத் தோழர், உங்கள் பெயரை ஏற்கெனவே ஓ.டி.யில் எழுதிவிட்டேன்.